சிவப்பு வட்டம்

விழுந்து கிடந்த ஆளை வருண்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். அன்று மதியம் அது இரண்டாவது முறை.

ஓடியதெல்லாம் திரையில்தான். புக்கிட் பாஞ்சாங் வீட்டின் ஹாலில், காதில் ஹெட்போனோடு, நாற்காலியை விட்டு அவன் அசையவில்லை. ஐந்து பேர் சேர்ந்து ராட்சசர்களோடு மோதுகிற ஆன்லைன் விளையாட்டு அது. அதில் வருண் ஹீலர்; அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவதும் விழுந்தவர்களைத் தூக்கிவிடுவதும் அவன் பொறுப்பு. அவன் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள் என்று குழுவில் பெயர்.

விழுந்த ஆளின் பெயர் நெத்திலி. முறுக்கு மீசை வைத்த வாள்வீரன். இரண்டு வாரத்துக்கு முன்னால் சேர்ந்து, யாரையோ பிடித்து, நாலே நாளில் அறுபதாம் லெவலுக்கு ஏறி இவர்களோடு ஒட்டிக்கொண்டது. தடியால் அடித்துக் கனியவைத்த பழம் வேறு எப்படி இருக்கும்? ராட்சசன் அடிக்கப்போகிற இடத்தில் தரையில் சிவப்பு வட்டம் விழும், சின்னப் பிள்ளைகூட விலகி ஓடும். நெத்திலி அதற்குள் போய் நிற்கும்.

“லெவல் ஏத்திட்டா போதுமா? ஒரு ரோல் எடுத்தா அத முறையா கத்துக்கணும் லா,” என்று வருண் மைக்கில் பாடம் எடுத்தான்.

நெத்திலிக்கு மைக் கிடையாது. எல்லாம் டைப் செய்துதான் சொல்லும். ‘மெதுவா ஏறி வர எனக்கு நாள் இல்ல.’

“அது உங்க பிரச்சன. நான் ரெண்டு வருஷம் ஒண்ணாவது லெவல்லேர்ந்து கத்துக்கிட்டு வந்தேன். ஹீலர்னா கண்ணு எப்பவும் அடுத்தவங்க மேலயே இருக்கணும்.”

‘எப்பவுமா?’ என்று கேட்டது நெத்திலி. வருணுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து நிமிட இடைவேளை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

முதுகை யாரோ தொட்டார்கள். அவன் மனைவி கவிப்ரியா, ஊன்றுகோலோடு நின்றாள். நாலு மணிக்குத் தங்கை ரோஷினி பொங்கோலிலிருந்து வந்துவிடுவாள், அதற்குள் பேச வேண்டும் என்றாள். தங்கை வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகிறாளா, ஒரேயடியாகவா என்பது அந்தப் பேச்சைப் பொறுத்தது. அதையும் அவள் முந்தாநாளே மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

எல்லாம் அந்தச் சமையலறை விஷயம்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தபோது, அவள் ஏழெட்டு முறை அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஹெட்போன் போட்ட காதுக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமா அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வருண் சண்டையை ஜெயித்துவிட்டு வந்து பார்த்தபோது சமையலறையில் ஆளே இல்லை. வருத்தப்பட்டான், மன்னிப்பும் கேட்டான். மறுநாளே ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. மூணரைக்குள்ள வந்துடறேன்,” என்றான். அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசிச் சுற்றில் ராட்சசன் பெரியவன். பாதிச் சண்டையில் வீட்டு வைஃபை இரண்டு நிமிடம் படுத்துவிட்டது. வருண் பதறியடித்துத் திரும்பி வந்தபோது குழுவிலிருந்த அதீஃப் சிரித்தான். டன்லப் ஸ்திரீட்டில் மாமாவின் கடையில் உட்கார்ந்தபடியே ஆடுகிறவன் அவன்.

“நீங்களும் காணோம், நெத்திலியும் காணோம். நாங்க மூணு பேரும் கெடந்து அல்லாடினோம்,” என்றான்.

வைஃபை போனால் அவன் என்ன செய்ய முடியும்? நெத்திலிக்கு என்ன கேடு? அடி பலமானதும் ஓடிப்போய், அடங்கியதும் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. உழைக்காமல் ஏறியவர்களின் புத்தியே இப்படித்தான் என்று வருண் முடிவுகட்டினான்.

அடுத்த நிமிடம் தரையில் சிவப்பு வட்டம் விழுந்தது. நெத்திலி தள்ளி, பத்திரமாகத்தான் நின்றிருந்தது. அங்கிருந்து நடந்து வந்து, வட்டத்தின் நட்டநடுவில் நின்று, வருண் இருந்த பக்கம் திரும்பியது. ஒரே அடியில் விழுந்தது.

“ப்ரோ, தூக்கி விடுங்க. டைம் இருக்கு,” என்றான் அதீஃப்.

“கெடக்கட்டும். தூக்கித் தூக்கி விட்டா அப்புறம் எப்பத்தான் கத்துக்கறது?”

தரையில் கிடந்தபடியே நெத்திலி ஒரு வார்த்தை டைப் செய்தது. ‘ப்ளீஸ்.’ வருண் அதைப் படித்தான். படித்துவிட்டு மற்ற மூன்று பேருக்கும் உயிர் ஏற்றினான்.

ராட்சசன் ஒருவழியாகச் சாய்ந்தான். குழுவே கொண்டாடியது. நெத்திலியை நீக்கிவிடலாம் என்று வருண் பட்டியலில் பெயரைத் தேடினான். அது முன்பே போய்விட்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றியபோது மணி நாலேகால். வாசலில் ரோஷினி துணிப்பெட்டியோடு நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கவிப்ரியா லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சாரி லா, இழுத்துருச்சு,” என்று வருண் எழுந்து வந்தான். “ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டான். வா, இப்பப் பேசலாம்.”

கவிப்ரியா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல வாசல்வரை நடந்தாள். அங்கே நின்று திரும்பினாள்.

“மூணாவது தடவையும் தூக்கி விட்டிருந்தீங்கன்னா, நான் போயிருக்க மாட்டேன்.”