செய்தியின் ஓரத்தில்

தோசையைத் திருப்பிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

அப்பா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. இடது கையின் ஒரு விரல்தான் எல்லா வேலையும் பார்க்கிறது.

செய்தி திறக்கும் முன் அந்தப் பெட்டி குறுக்கே வந்தது. இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது. சம்மதமா?

'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார்.

எப்போதும் அதைத்தான் அழுத்துவார். ஊதுபத்தி விற்க வருகிறவரைக்கூட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிற மனுஷர். வாசலில் நின்று அனுமதி கேட்பதை எப்படித் துரத்துவார்?

பவானிசாகர் அணையின் நீர்மட்டம் வந்தது.

அதன் ஓரத்தில், இளஞ்சிவப்புக் கட்டத்துக்குள், தோளில் பையோடு ஒரு பெண் சிரித்தாள். பணிபுரியும் மகளிர் விடுதி. பெருங்குடி, சென்னை. மூன்று வேளை உணவுடன்.

அவள் தேடிப் பார்த்த அதே விடுதி.

தேடி முடித்த ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுத்தானே எழுந்தாள். பார்த்த பக்கங்கள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

குக்கீயை யார் நினைத்தார்கள்?

கடைக்குள் நுழைந்து சும்மா விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். கடைக்காரர் நமக்குத் தெரியாமல் முதுகில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டி அனுப்புகிறார். இவள் விடுதி தேடுகிறாள் என்று. அடுத்த தெருவில் யாரோ அதைப் படித்துவிட்டு, வாங்கம்மா, நல்ல விடுதி இருக்கிறது என்கிறார். நடந்து வந்த தடத்தை அழித்து என்ன பிரயோசனம்? குக்கீ என்கிற அந்தச் சீட்டு முதுகிலேயே இருக்கிறது.

வேண்டாம் என்றும் சொல்லலாம்தான். அதற்கு நாலு பக்கம் உள்ளே போய்த் தேட வேண்டும். 'ஏற்கிறேன்' மட்டும் முன்னாலேயே பச்சையாக நிற்கும். அலுத்த கைக்கு எது எட்டும்?

அவள் அலுத்துத்தான் போயிருந்தாள்.

அம்மா போனதிலிருந்து மாத்திரை, வெந்நீர், கைக்குப் பயிற்சி, துவைக்கிற துணி. நடுநடுவே வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு வேலை. சென்னையில் கிடைத்திருப்பது நல்ல வேலை. இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். வர இயலாது என்று எழுதி வைத்துவிட்டாள். அனுப்பத்தான் கை வரவில்லை.

விடுதிகளைச் சும்மாதான் பார்த்தாள். பார்க்கக்கூடவா கூடாது?

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சுக்கே இடமில்லை. அம்மாவின் காரியத்தன்று மாமா, எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டபோதே அப்பா சொல்லிவிட்டார்.

"இந்த ஊரை உட்டு என்னையப் பாடையிலதான் கொண்டு போகோணும்."

இப்போது அவர் அந்த இளஞ்சிவப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் எதையெதையோ மெதுவாக அழுத்தியது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். சமையலறை வாசலில் ஒரு கணம் நின்றார்.

"மெட்ராசுல தண்ணி உப்புக் கரிக்குமா அம்மிணி?"

"தெரியலீங்கப்பா."

தலையை ஆட்டிக்கொண்டு குளிக்கப் போனார்.

அவள் ஓடிவந்து உட்கார்ந்தாள். செய்திப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அந்தக் கட்டம் போய்த் தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

போயிருந்தது.

அந்த இடத்தில் ஒரு முதியவர் சாய்வு நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லம். செவிலியர் வசதியுடன்.

எல்லோருக்கும் காட்டுவதுதானே என்று நினைத்தாள். அடுத்த வரியைப் படித்தாள்.

பெருங்குடி, சென்னை.

இதை அவள் தேடவில்லை.

பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தாள். காலியாக இருந்தது. சற்றுமுன் அப்பா படித்த நீர்மட்டம்கூட அதில் இல்லை.

அவள் இன்னும் எதையும் அழிக்கவில்லை.

அவரும் அழிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் குக்கீ ஞாபகமில்லை.

அந்த இளஞ்சிவப்புக் கட்டத்தை முன்பே ஒருநாள் பார்த்துவிட்டுத் தேடியிருக்கிறார். முதியோர் இல்லம், பெருங்குடி. ஒற்றை விரலால், அதுவும் இடது கையால், ஒவ்வோர் எழுத்தாக எங்கே எங்கே என்று தேடித்தேடி. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

அழுகை வந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் இருந்ததால் அடக்கவில்லை.

தோசை கருகும் வாசம் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

தேடும் இடத்தில் தட்டினாள்.

பெருங்குடி. வாடகை வீடு. தரைத்தளம். இரண்டு பேர்.

வந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் அந்தப் பெட்டி குறுக்கே வந்து சம்மதமா என்றது. ஒவ்வொன்றிலும் அப்பாவைப் போலவே ஏற்கிறேன் என்றாள். படிகள் இல்லாத வீடுகளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

எதையும் அழிக்கவில்லை. எழுதி வைத்திருந்த அந்தப் பதிலைத் தவிர.

குளித்துவிட்டு வந்ததும் அப்பா இன்னொரு முறை நீர்மட்டம் பார்ப்பார். அது அவர் வழக்கம். செய்திப் பக்கத்தைத் திறந்து வைத்து, நாற்காலியை அவர் உட்கார வாகாகத் திருப்பிப் போட்டாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது.

அவள் அடுப்பைப் பற்றவைத்து அடுத்த தோசையை ஊற்றினாள்.