மாதாவின் பெருவிரல்

“நாலாவது தரம்!” என்று தர்ஷனா போட்ட சத்தம் ஆளில்லாத கோயிலின் வளைவுகளில் மோதி அவளிடமே திரும்பி வந்தது.

நேற்றுப் பின்னேரம் மீன்பசை தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டிய தங்கத்தாள் மாதாவின் வலக்கால் பெருவிரலில் இல்லை. ஐந்நூறு வயது தாண்டிய மரச்சிலை. டென்மார்க் கத்தோலிக்கத்தைக் கைவிட்ட காலத்தில் கூரைக்கடியில் வீசப்பட்டு, புழுதியும் குளிரும் தின்றும் மிஞ்சிய தங்கம் அது. இவள் கைக்கு வந்த பிறகுதான் அதற்குக் கேடு பிடித்தது!

ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது இந்தப் பழைய கோயில். பழஞ்சிலைகளைத் திருத்துவது தர்ஷனாவின் தொழில். இன்றும் வழமைபோலக் கதவைத் திறந்து, கயிற்றைத் தாண்டி, மாதாவுக்கு முன்னால் சிலுவை போட்டு, பையை வைத்து, கையுறை மாட்டி, பெரிய விளக்கைப் போட்டால், விரல் மொட்டை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் கணவன் டிலுக்சன் வேறு, “என்ன, மாதாவைப் பாக்கப் போறதுக்கும் மேக்கப்போ?” என்று சிரித்தான். முகம் கழுவவே நேரமில்லாமல் வேலையோடு மாரடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கோயிலைப் பராமரிக்கும் கிர்ஸ்டன் கோப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

“யாரோ கையால் தொடுகிறார்கள். விரல் தடம்கூடத் தெரிகிறது, பார்” என்று டேனிஷில் பொரிந்தாள் தர்ஷனா.

“கோயில் பூட்டித்தானே கிடக்கிறது? திறப்பு உன்னிடமும் என்னிடமும்தான் இருக்கிறது” என்று தோளைக் குலுக்கிவிட்டுக் கிர்ஸ்டன் போய்விட்டாள்.

தர்ஷனாவுக்குச் சுருக்கென்றது. போன கிழமை அப்பா இந்தக் கிர்ஸ்டனுக்கு ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தாரே! சும்மாவா கொடுத்தார்? வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

அந்த நேரம் பார்த்து அப்பா லோரன்ஸே வந்து நின்றார், பூசைக்கு இடம் அளக்க அளவு நாடாவோடு. வருகிற சனிக்கிழமை மாதா திருநாள். ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ எல்லா இடத்துத் தமிழ்க் குடும்பங்களும் வரும். இந்த மாதாவுக்கு முன்னால் ஒரேயொரு பூசை வைக்க வேண்டுமென்று மூன்று வருடமாகக் கோயில் சபையின் வாசலில் தவம் கிடந்து அனுமதி வாங்கிய மனிதர்.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. கிர்ஸ்டனிட்டைத் திறப்பு வாங்கி உள்ளுக்கு வந்தனீங்களோ?”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? அண்டைக்கு ரோல்ஸ் குடுத்துட்டுப் போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறன்.”

“அப்ப ஆர் மாதாவைத் தொட்டது? எங்கட சனத்துக்குக் காலைத் தொட்டு நெத்தியில வைக்காட்டிப் பூசை கண்ட மாதிரி இராது. புதன்கிழமை கிர்ஸ்டன் திறந்துவிட, பாட்டுப் பழக வந்த ஆக்களின்ர கை ஒரு இடத்தில நிண்டதோ?”

லோரன்ஸ் கயிற்றில் தொங்கிய அட்டையைக் காட்டினார். “அதுக்கு ‘மாதாவைத் தொட வேண்டாம்’ எண்டு தமிழில மட்டும் எழுதித் தூக்குவியோ? டேனிஷ்காரருக்குக் கை இல்லையோ?”

“அவையளுக்குச் சிலையைத் தொடுற பழக்கமே இல்லை, அப்பா. எங்கட ஆக்களுக்குத்தான் அது ஊறின வியாதி. நான் எத்தனை தரம் ஒட்டுறது? சொல்லிச் சொல்லி வாய் நோகுது!” அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள். “இண்டைக்கு மத்தியானத்துக்குள்ள சபைக்கு அறிக்கை குடுக்கோணும். என்னெண்டு எழுதுறது?”

“பிள்ளை, பூசை முடியுமட்டும் நான் சிலைக்குப் பக்கத்தில காவல் நிக்கிறன். ஒருத்தரையும் கிட்ட விடமாட்டன்.”

“நீங்கள்தான் முதல் ஆளாத் தொடுவியள்!”

“தர்ஷனா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். மூண்டு வருசம்...”

அவள் கேட்கவில்லை. நாலு நாள் கடுப்பும் விரல் நுனிக்கு வந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்தாள். ‘தமிழ்ப் பக்தர்களின் கைபட்டுத் தங்கம் உரிகிறது. அவர்களைச் சிலைக்கருகில் விட்டால் நான் பொறுப்பல்ல. பூசைக்கான அனுமதியை நீக்கவும்.’ டேனிஷில் மூன்றே வரி. திருப்பி வாசிக்கவும் இல்லை. படாரென்று தட்டி அனுப்பினாள்.

“அனுப்பியாச்சு. இனி ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

லோரன்ஸ் அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். மூன்று வருடமும் அந்தச் சின்னப் பைக்குள் போனது போலிருந்தது அவருக்கு.

“ஆர் தொட்டதெண்டு மட்டும் எனக்குத் தெரிஞ்சால்...” என்று பல்லைக் கடித்தபடி தர்ஷனா அவர் பக்கம் திரும்பினாள். பெரிய விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

லோரன்ஸ் கண்ணைச் சுருக்கி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மாதாவின் பெருவிரலைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார். காற்சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“முதல் உன்ர நெத்தியில ஒட்டியிருக்கிற தங்கத்தைத் துடை, பிள்ளை.”