நெற்றி எங்கே

போனில் அனுமதி தராதவர்களின் முகத்தை இப்போதைய கேமராக்கள் தாமே கலைத்துவிடும். தெருக்களைப் படமெடுக்கும் இருதயராஜிடம் இருந்த பழைய கேமரா மட்டும் அப்படிச் செய்யாது. ஆனால் அது நல்ல கனம். தோள்வலி வந்ததிலிருந்து அதை அலமாரியில் வைத்துவிட்டு, புதியதோடுதான் தெருவுக்குப் போய்வந்தார்.

மதுரை பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒச்சப்பன் இறந்து பத்து நாள் கழித்து, அவன் மனைவி சோலையம்மா இருதயராஜைத் தேடி வந்தாள்.

"தெனமும் அங்கனதான படம் எடுப்பீக. அவரு இருக்காரான்னு பாருங்கண்ணே. பதினாறாம் நாளு மாலை போட வீட்டுல ஒரு படம் இல்ல."

ஒச்சப்பன் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த ஆறு மாதப் படங்களையும் இருதயராஜ் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மல்லிகை மூட்டைகளுக்குக் கீழே எல்லா முகங்களும் சாம்பல் பூசியதுபோல் இருந்தன. கண் எரிந்தது அவருக்கு.

"நிறுத்துங்க. இதுதான் அவரு. துண்ட இப்பிடித்தான் இடப்பக்கமா சொருகுவாரு."

"முகம் இல்லையேம்மா."

"தெரியும்ணே. கண்ணு பட்டுரும்னு, அவருக்கும் சேத்து நான்தான் போனுல வேணாம்னு அமுக்குனேன்."

இருதயராஜ் அலமாரிப் பக்கம் பார்க்காமல் தோளைத் தேய்த்துக்கொண்டார். படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். சோலையம்மா அதை மடியில் வைத்து, பொட்டு வைக்கும் இடம் எதுவென்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.