மிதப்புக் கட்டை வகுப்பு

"மகள் லவீனா இஞ்சை வந்து ஒன்பது மாதம். வாயிலையிருந்து ஒரு சொல் வரேல்லை. உங்கடை வீட்டிலை மீனோடை மட்டுமோ கதைக்கிறனீங்கள்?" என்றாள் ஸ்ரெல்லா.

லூர்த்தம்மா சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தாள். புறங்கையில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஸ்ரெல்லா மூக்கைச் சுளித்து, மேசையிலிருந்த படக்கதைப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பதினோரு வருடமாகக் குருநகரில் முன்பள்ளி ஆசிரியை. இந்தத் தாய்மாரை அவளுக்குத் தெரியும். கத்திக் கூப்பிடுவார்கள், கத்திக்கொண்டே சோறு தீத்துவார்கள். ஒரு கதை சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை கொடுத்துவிடும் புத்தகம் திங்கட்கிழமை கருவாட்டு மணத்தோடு திரும்பி வரும்.

மதிப்பீட்டுப் படிவத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தாள்.

வசனமாகப் பேசுதல்: இல்லை. கேள்வி கேட்டல்: இல்லை. நடந்ததைச் சொல்லுதல்: இல்லை.

பிள்ளைக்குப் பேச்சுப் பழக்குபவர் யார்? பேனையை அழுத்தி எழுதியிருந்தாள்: ஒருவருமில்லை.

தாய் கையெழுத்து வைத்தால், வருகிற தையில் லவீனா பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போகமாட்டாள். சின்னப் பிள்ளைகளோடு இன்னொரு வருடம் இங்கேயே.

"எழுதத் தெரியாட்டிப் பெருவிரலை வையும்."

லூர்த்தம்மா பேனையைத் தொடவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, வெடித்த திரையை ஸ்ரெல்லா பக்கம் திருப்பினாள்.

"வீட்டிலை கதைக்கிறவள், ரீச்சர்."

திரையில் ஒரு முற்றம். வலையின் மிதப்புக் கட்டைகள் இரண்டு வரிசையாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் லவீனா, கையில் ஈர்க்குக் குச்சியோடு. வாய் ஓயவேயில்லை.

ஸ்ரெல்லா தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். ஆறு சொல்லில் ஒரு வசனம். உடனே ஒரு கேள்வி. நேற்று நடந்தது ஒன்று, பிழையில்லாமல். ளகரம்கூடச் சுத்தம்.

இவ்வளவையும் இவளுக்கு யார் பழக்கியது என்ற வியப்பில், என்ன சொல்கிறாள் என்பதை அவள் முதலில் கவனிக்கவில்லை.

பிறகு கேட்டது.

"வாயைப் பொத்து. குளிச்சிட்டு வா எண்டு நேற்றும் சொன்னனான் எல்லோ? உங்கடை வீட்டிலை மீனோடை மட்டுமோ கதைக்கிறனீங்கள்?"

திரையில் லவீனா மூக்கைச் சுளித்தாள். ஒரு கட்டையை மட்டும் வரிசையிலிருந்து தூக்கி, சுவரைப் பார்க்க வைத்தாள்.

"லவீனா, நீ அங்கை இரு."

படம் நின்றது.

லூர்த்தம்மா படிவத்தைத் தன் பக்கம் திருப்பவில்லை. தலைகீழாகவே வாசித்தாள். அவள் விரல் மூன்று 'இல்லை'களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கி, கடைசியிலிருந்த 'ஒருவருமில்லை'யில் நின்றது.

"எல்லாத்தையும் வெட்டுங்கோ, ரீச்சர். உதிலை உங்கடை பேரை எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்."