சீரோஸுக்கு இரண்டு டிக்கற்

"கிறீஸ் வேண்டாம், ராணி. உந்த டிக்கற்றை என்னோட வேலை செய்யிற அகஸ்ரினுக்குக் குடுப்பம். அவையள் புதுசாக் கலியாணம் கட்டினவை."

சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அருள்நாயகம் சொன்னார். யோகராணியின் கையிலிருந்த பருப்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

பின்னே என்ன? சனிக்கிழமை நடந்த பழைய மாணவர் சங்க விருந்திலே, சீட்டிழுப்பின் முதல் பரிசு இவர்களுக்குத்தான் விழுந்தது. கிரேக்க நாட்டில் சீரோஸ் என்றொரு தீவு. நல்ல ஹோட்டலில் நான்கு நாள், புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும். இலக்கத்தை வாசித்ததும் யோகராணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடியே போனாள். கனடாவுக்கு வந்து ஏழு வருசத்தில் அவள் சுற்றிப் பார்த்த இடம் நயாகரா ஒன்றுதான். அதுவும் லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ யாராவது வந்து இறங்கினால், விடியவெள்ளன எழும்பி ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு இழுபட வேண்டும். புருசனோடு தனியாக ஒரு பயணம் இந்தப் பிறப்பில் வாய்க்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. வாய்த்ததைத்தான் இந்த மனுசன் அகஸ்ரினுக்குத் தாரைவார்க்கப் பார்க்கிறார்.

"ஏன் வேண்டாம்? லீவு இல்லையோ?"

"லீவு கிடக்கு."

"பிறகென்ன?"

"அங்க என்ன கிடக்கு பார்க்க? வீடெல்லாம் அரண்மனை மாதிரித்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் துறைமுகத்தால இறங்கினால் ஒரே ஏத்தம். ஏற ஏறப் படி. ரோட்டுக்கெல்லாம் சலவைக்கல்லுப் பதிச்சிருக்கு, மழை பெய்தால் வழுக்கும். உம்மட முழங்காலுக்கு உது சரிவராது."

யோகராணி அவரை உற்றுப் பார்த்தாள். பரிசோடு கொடுத்த படத்தில் கடலும் இரண்டு சாய்மனைக் கதிரையும்தான் இருந்தன.

"ரோட்டில சலவைக்கல்லு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆரோ சொன்னவை" என்றவர், பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவர் வேலைக்கு இறங்கியதும் யோகராணி ஒஷாவாவிலிருக்கும் சிநேகிதி ஜோசப்பினுக்குப் போன் போட்டாள். ஜோசப்பின் முழுவதையும் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"எடியே, அந்தாள் அங்க போயிருக்கு! உன்னைக் கலியாணம் பேசி வச்சிட்டு, கனடாவுக்குக் கள்ளமா ஆள் ஏத்துற ஏஜென்சிக்காரனோட வெளிக்கிட்டவர், இஞ்ச வந்து சேர ஒரு வருசம் எடுத்ததெல்லே? அந்த ஒரு வருசமும் எங்க நிண்டவர், ஆரோட நிண்டவர் எண்டு எப்பவாவது வாய் திறந்தவரோ?"

திறந்ததில்லை. எப்போது கேட்டாலும் "வந்து சேர்ந்திட்டன்தானே" என்ற ஒரே பதில்தான்.

"ஆம்பிளை ஒரு ஊருக்கு வரமாட்டன் எண்டு அடம்பிடிச்சால், அங்க ஆரோ ஒருத்தி இருக்கிறாள். நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன், இனி உன்ர பாடு."

ஜோசப்பினுடைய வாயில் நல்ல வார்த்தை வராது என்று யோகராணிக்குத் தெரியும். ஆனாலும், ஊரில் தான் விரதம் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த ஒரு வருசத்தில் இவர் யாரோடு அரண்மனை பார்த்துத் திரிந்தார்? அன்றைக்கு வைத்த கறியில் உப்புப் போட்டாளா இல்லையா என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

பின்னேரம் அருள்நாயகம் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டுவிட்டாள்.

"அங்க ஆர் இருக்கிறா?"

"எங்க?"

"சும்மா நடியாதேங்கோ. உங்கட சலவைக்கல்லு ஊரில."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"ஒரு பேக்கரிக்காரர் இருந்தவர். நாங்கள் ஒன்பது பேர் ஏஜென்சியால போன ஆக்கள். எல்லாருக்கும் பாணும், சீனி தூவின இனிப்பும் தந்தவர்."

"பேக்கரிக்காரரோ, பேக்கரிக்காரியோ?"

"இவ்வளவு மீசை" என்று இரண்டு கையாலும் காட்டினார்.

யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த கல்லும் இறங்கியது. ஜோசப்பினுக்கு நாளைக்கு நல்ல பேச்சு இருக்கிறது.

"அப்ப ஏன் வரமாட்டன் எண்டுறியள்?"

"வெட்கம், ராணி."

"என்ன, களவெடுத்தனீங்களோ?"

"சீச்சீ! கப்பலால இறங்கின உடன அந்தச் சலவைக்கல்லில விழுந்து கும்பிட்டனான். காணுற சனத்துக்கெல்லாம் கை குடுத்து 'தாங்க் யூ, தாங்க் யூ' எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். நீல யன்னல் வச்ச வீடு ஒண்டு, கடலைப் பார்த்தபடி பல்கனி. உம்மை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டு அந்த வீட்டிலதான் குடியிருத்துறது எண்டு முடிவுகூடக் கட்டிப்போட்டன்."

"கிறீஸிலயோ? உங்களுக்கென்ன விசரே?"

அருள்நாயகத்தின் கண் கலங்கிவிட்டது.

"இறக்கிவிடேக்க ஏஜென்சிக்காரன் 'இதுதான் கனடா' எண்டெல்லே சொல்லிப்போட்டுப் போனவன். மூண்டாம் நாள் பொலிஸ் வந்து பிடிக்குமட்டும் நாங்கள் அதை நம்பினனாங்கள்."

யோகராணி டிக்கற்றுகள் இரண்டையும் எடுத்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப ஏழு வருசமா என்னைப் பிழையான கனடாவிலயெல்லே வச்சிருக்கிறியள்! வெளிக்கிடுங்கோ, நீங்கள் வீடு பார்த்து வச்ச கனடாவுக்குப் போவம்."