நல்லா கேக்குது டாக்டர்

“இப்ப பரவால்ல. மாத்திரை நல்லா கேக்குது டாக்டர்” என்றார் அப்பா.

வயிற்றைக் கிழித்துத் தைத்திருப்பது எனக்கு. குடல்வால் ஆபரேஷன் முடிந்து தாம்பரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேற்றிலிருந்து கிடப்பது நான். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கிறிஸ்டினா கேட்டதும் என்னைத்தான்.

ஆனால் பதில் மட்டும் அப்பாவுடையது. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எந்த மெஷின் எங்கே மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டுப் பெண்களின் உடம்பையும் அப்படியே கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “அவ சொல்லட்டும் சார்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரே என்று வந்த அழுகை.

“ஒண்ணுமே கேக்கல டாக்டர். வெறும் தண்ணி முழுங்கின மாதிரிதான் இருக்கு. உயிர் போவுது.”

“அய்ய, சும்மா பேஜார் பண்ணாத அஞ்சலி” என்றார் அப்பா. டாக்டரிடம் சிரித்தார். “அப்டியே அவங்கம்மா டாக்டர். இத்துனூண்டு வலிக்கே நடிச்சு ஊரக் கூட்டும்.”

அம்மாவை இழுக்காமல் இருந்திருக்கலாம்.

போன வருஷம் முழுக்க, பீர்க்கன்கரணை வீட்டின் உள்ளறையில் அம்மா இதே மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். புற்று எலும்பு வரைக்கும் போயிருந்தது.

“அபின்லேர்ந்து எடுக்கிறது சார், பாத்து வச்சுக்குங்க” என்று மருந்துக்கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அப்பா அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வேளைக்கு ஒன்று, அதுவும் அவர் கையால்தான்.

கேக்கலைங்க, இன்னொண்ணு குடுங்க என்று அம்மா கெஞ்சுவாள். பாத்தியா, போதைக்குப் பழகிக்கினா என்பார் அப்பா. பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னார். அந்த அவமானத்துக்குப் பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கிழிந்த தலையணை உறைகளைத் தைத்துத் தைத்துப் போட்டவள் நான்.

மாசாமாசம் டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அவரேதான் முந்திக்கொள்வார். நல்லா கேக்குது சார். அம்மா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். செத்த அன்றைக்குக் காலையிலும் வேளை தவறாமல் ஒன்று கொடுத்தார். அதில் அவருக்கு இன்றைக்கு வரைக்கும் பெருமை.

“அவ நடிக்கல சார்” என்றார் டாக்டர் கிறிஸ்டினா. நர்ஸைக் கூப்பிட்டு வேறு ஊசி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கும் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“இந்த மாத்திரை அபின்லேர்ந்து, அதாவது கசகசாச் செடியோட பால்லேர்ந்து வர்றது. முழுங்கினா மட்டும் வலி போயிடாது. கல்லீரல் அதை உடைச்சு மார்ஃபினா மாத்தணும், அப்பதான் கேக்கும். சில பேர் உடம்புல அந்த வேலையே நடக்காது. எத்தனை முழுங்கினாலும் வீண்தான். ஆனா பயமில்ல, நேரா மார்ஃபினே குடுத்துடலாம். கேக்கலன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அப்பாவின் கை இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் பிடித்திருந்த பிடி மெல்ல விட்டது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். வலி போகப் போக ஆத்திரம் ஏறியது. அம்மாவுக்கு இந்த ஊசியைப் போட ஊரில் ஆளா இல்லை?

டாக்டர் பேனாவைத் திறந்தார். “இது பரம்பரையா வர்றது சார். வீட்ல வேற யாருக்காவது இந்த மாத்திரை கேக்காம இருந்துச்சா?”

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைக் கெஞ்சிப் பார்த்ததே இல்லை.

சரி, இந்த ஒரு தடவை அவருக்காக நான் பதில் சொல்கிறேன்.

“யாருக்கும் இல்ல டாக்டர்” என்றேன். “எங்கம்மா நடிச்சாங்க.”