நீரோ சாய்ந்த சுவர்

ரெமோவின் உணவகத்தில் பாஸ்தா சுமார்தான். ரோமுக்கு வருகிறவர்களை இழுப்பது அதன் அடியில் இருந்த நிலவறை. தனியாகச் சுற்றிக்காட்ட முப்பது யூரோ. விளக்கவுரை ரெமோவே. படித்தது எட்டாவது, கழுத்தில் சுற்றியிருந்த பட்டுத்துண்டு மட்டும் பேராசிரியர்.

"தொட்டுப் பாருங்க சிஞோரா! நீரோ மன்னர் சாய்ஞ்சு நின்னு ஒயின் குடிச்ச சுவர். ரெண்டாயிரம் வருஷம்!"

கண்ணாடி போட்ட அந்தப் பெண்மணி தொட்டுப் பார்த்தாள். "நிஜமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம்!"

"அப்ப தொல்லியல் துறைக்குச் சொல்லியாகணுமே. உணவகத்தை மூடிட்டுத் தோண்டுவாங்க. எங்க தெருவுல சாக்கடைக்குத் தோண்டினப்ப ஒரே ஒரு பானை ஓடு கிடைச்சுது. ஆறு வருஷமா தெருவே அடைச்சுக் கிடக்கு."

ரோமில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. ரெமோவின் கம்பீரம் கணுக்காலுக்கு இறங்கியது.

"ஐயோ சிஞோரா, அவங்களைக் கூப்பிட்டுடாதீங்க! இது போன வருஷம் என் மச்சான் எழுப்பின சுவர். பாசி பிடிக்கட்டும்னு தயிர் பூசினோம். செங்கல் வாங்கின பில்லுகூட இருக்கு!"

"காட்டுங்க, பார்ப்போம்."

ரெமோ பாய்ந்து போய்க் கொண்டுவந்தார். தேதி, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லவேளை! பழைய சுவரா இருந்திருந்தா எனக்கு இங்க வேலையே இல்ல."

ரெமோவுக்குப் போன உயிர் திரும்பியது. "சிஞோராவுக்கு என்ன வேலை?"

"மாநகராட்சியில. அனுமதியில்லாம கட்டினதை இடிக்கிற பிரிவு."